வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைக்குக் கழிப்பறைப் பழக்கம்: செட்டிநாட்டு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஐந்து வயதாகியும் டயப்பரிலேயே இருக்கும் குழந்தையைப் பற்றிப் பேச்சு வரும்போது, காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்துக் குடும்பங்களில் இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. 'பேச்சு வரட்டும், வந்தால் தானாகவே சொல்லிவிடுவான்' என்பது ஒன்று. 'அதட்டி வளர்த்திருந்தால் இப்படி ஆகியிருக்காது' என்பது மற்றொன்று. டவுன் சிண்ட்ரோம், ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றுள்ள குழந்தைக்கு, வயிற்றில் எழும் உணர்வை இன்னதென்று அறிந்து, அதை ஒருவரிடம் தெரிவித்து, உரிய இடம் போய்ச் சேரும்வரை அடக்கிக்கொள்வது என்பது கடைசியாகக் கைவரும் திறன். அதை முதல் நிபந்தனையாக வைத்துக் காத்திருந்தால் பயிற்சி தொடங்கப்போவதே இல்லை. பெரியவர்கள் நேரம் பார்த்து அழைத்துச் செல்ல, சென்ற இடத்தில் குழந்தை கழித்துவிட்டு வருவதுதான் முதற்படி. கேட்டுப் போவது அதற்கு வெகு பின்னால் வருவது. எனவே பயிற்சியின் முதற்பாதி குழந்தைக்கு உரியதன்று, வீட்டாருக்கு உரியது.

பொதுவாகக் குழந்தைகள் 2 முதல் 4 வயதுக்குள் பகல் நேரக் கட்டுப்பாட்டை அடைகிறார்கள். வளர்ச்சித் தாமதமுள்ளவர்களுக்கு அது பல ஆண்டுகள் பிந்தலாம். வயதைப் பார்ப்பதைவிட மூன்று செய்திகளைப் பார்த்துத் தொடங்குவது நல்லது: குழந்தை ஒரு மணி நேரமாவது ஈரமின்றி இருக்கிறதா, பிடித்துக்கொண்டோ சாய்ந்துகொண்டோ சில நிமிடங்கள் உட்கார முடிகிறதா, 'வா', 'உட்கார்' போன்ற ஒற்றைச் சொல்லுக்கோ கைச்சாடைக்கோ இணங்குகிறதா. பேச்சும் தேவையில்லை, நடையும் தேவையில்லை.

முதலில் மலச்சிக்கலைத் தீருங்கள்

பயிற்சி பலிக்கவில்லை என்று கைவிட்ட வீடுகளில் விசாரித்தால், பல நேரம் பின்னணியில் யாரும் கவனியாத மலச்சிக்கல் இருக்கும். தசைத் தளர்ச்சி, நடமாட்டக் குறைவு, தண்ணீர் போதாமை, குறிப்பிட்ட சில உணவுகளை மட்டுமே ஏற்கும் பிடிவாதம், உட்கொள்ளும் மருந்துகள் சிலவற்றின் பக்கவிளைவு என்று இக்குழந்தைகளுக்கு மலம் இறுகக் காரணங்கள் பல உண்டு. இறுகிய மலம் நாட்கணக்கில் தங்கும்போது மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கிறது என்ற உணர்வே மழுங்கிவிடுகிறது. நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை நெருக்குவதால் அடிக்கடி ஈரமும் ஆகிறது. இதில் பெற்றோரை மிகவும் ஏமாற்றுவது கசிவு. கெட்டித்த மலத்தின் ஓரமாகத் தண்ணீராய் ஒழுகி ஜட்டி கறைபடுவதைக் கண்டு வயிற்றுப்போக்கு என்று எண்ணிக் கீரையையும் பழத்தையும் நிறுத்துகிறார்கள். சிக்கல் மேலும் முற்றுகிறது.

வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாகப் போதல், ஆட்டுப் புழுக்கை போலவோ மிகப் பருமனாகவோ போதல், போகும்போது அழுதல், காலைப் பின்னிக்கொண்டோ மூலையில் நின்றுகொண்டோ அடக்குதல் ஆகியவற்றுள் எது இருந்தாலும், பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற மலமிளக்கிகளைத் தரக்கூடும். அவற்றைச் சில வாரங்கள் மட்டுமன்றிச் சில மாதங்கள்கூடத் தொடர வேண்டி வரும். இரண்டு நாள் இளகிப் போனதும் நாமாக நிறுத்திவிடுவதுதான் சிக்கல் திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது போன்ற வீட்டு வழக்கங்கள் இக்குழந்தைகளுக்கு வேண்டாம். அந்த இடத்தில் ஒருமுறை வலித்தால், கழிப்பறைக்குள் வரவே மறுக்கும் குழந்தைகள் உண்டு. விழுங்குவதில் சிரமமுள்ள குழந்தைக்கு வாய்வழி விளக்கெண்ணெய் புகட்டுவது ஆபத்து. எண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும்.

விசேஷ வீட்டுப் பலகாரங்களும் மைதாவும் மிகுந்த வாரங்களில் சிக்கல் கூடுவதை நீங்களே காணலாம். கீரை மசியல், வாழைத்தண்டு, பப்பாளி, கொய்யா, இனிப்புக் குறைத்துக் கஞ்சியாக வைத்த கவுனி அரிசி ஆகியவை உதவும். மெல்ல முடியாத குழந்தைக்கு மசித்துக் கொடுங்கள். 4 முதல் 8 வயதுவரையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.4 லிட்டர்வரை குடிக்கும் நீர்மம் வேண்டும்; சித்திரை, வைகாசி வெயிலில் அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். 'தண்ணீர் கொடுத்தால்தானே நனைப்பான்' என்று குறைப்பது இரட்டை நட்டம். சிறுநீர் அடர்ந்து பையை உறுத்துவதால் அடிக்கடி வரும், மலமும் இறுகும். (இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ள குழந்தைக்கு மட்டும் மருத்துவர் சொன்ன அளவே அளவு.)

எந்நேரமும் சொட்டிக்கொண்டே இருத்தல், சிறுநீர் போகும்போது வலி அல்லது காய்ச்சல், முதுகின் அடிப்பகுதியில் குழியோ முடிக்கற்றையோ இருத்தல், வந்திருந்த கட்டுப்பாடு திடீரெனப் போய்விடுதல் ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. பிறவியிலேயே முதுகெலும்புப் பிளவுள்ள குழந்தைக்கு நரம்புவழியே பையின் கட்டுப்பாடு பாதிக்கப்பட்டிருக்கும் என்பதால், இங்கே சொல்லும் முறை அப்படியே பொருந்தாது. சுத்தமான குழாய் செருகிக் குறித்த இடைவெளியில் சிறுநீரை வெளியேற்றும் முறை பலருக்குத் தேவைப்படும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு மலச்சிக்கல் தீராதிருந்தால் தைராய்டு பரிசோதனையை மருத்துவரிடம் நினைவூட்டுங்கள்.

ஐந்து நாள் குறிப்பு

பயிற்சிக்கு முந்தைய வாரத்தில் குழந்தையிடம் எதையும் மாற்ற வேண்டாம். எழுதிக்கொண்டு மட்டும் வாருங்கள். மூன்று நாட்களாவது, முடிந்தால் ஐந்து நாட்கள், விழித்திருக்கும் நேரம் முழுவதும் அரை மணிக்கொரு முறை தொட்டுப் பார்த்து, ஈரமா, உலர்வா, மலமா என்று ஒரு தாளில் குறியுங்கள். எப்போது என்ன குடித்தது, எப்போது சாப்பிட்டது என்பதையும் அதே தாளில் சேருங்கள். டயப்பர் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடுவதால் நேரம் தெரியாமல் போகும்; அந்த நாட்களில் பருத்தி ஜட்டியே நல்லது, இயலாவிட்டால் டயப்பருக்குள் ஒரு மெல்லிய துணித்துண்டை வைத்துப் பாருங்கள். மலம் வருமுன் குழந்தை காட்டும் அடையாளத்தையும் எழுதுங்கள்: முகம் சிவத்தல், விளையாட்டை நிறுத்தி அசையாமல் நிற்றல், பெட்டகத்துக்குப் பின்னால் ஒளிதல். குழந்தை ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் மொழி இதுதான். வாய்ப்பேச்சு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்று சொல்வதற்கு இதுவே ஆதாரம்.

குறிப்பைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தென்படும். காலையில் எழுந்தவுடன், குடித்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள், சாப்பிட்ட இருபது, முப்பது நிமிடங்களில் என்று பெரும்பாலும் அமையும். வயிறு நிறைந்ததும் பெருங்குடல் அசையத் தொடங்குவது உடலின் இயல்பு. காலைப் பலகாரம் முடிந்தபின் உட்கார வைப்பதற்கு அதனால்தான் பலன் அதிகம். எந்த ஒழுங்குமே தென்படாமல் பத்து, பதினைந்து நிமிடத்துக்கொரு முறை ஈரமாகிறது என்றால், பை இன்னும் தேக்கிவைக்கப் பழகவில்லை என்று பொருள். சில மாதங்கள் கழித்து மறுபடி குறித்துப் பாருங்கள்.

இடம்

செட்டிநாட்டின் பழைய வீடுகளில் இப்பயிற்சிக்கு என்று தனியாக ஒரு தடை உண்டு. தொலைவு. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீளும் வீட்டில், கழிப்பறை பெரும்பாலும் கிணற்றடியைத் தாண்டிக் கடைக்கோடியில் இருக்கும். வருகிறது என்று உணர்ந்து அரை நிமிடம் மட்டுமே அடக்கத் தெரிந்த குழந்தை, உயரமான நிலைப்படிகளைக் கடந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடும். நாம் அதைத் தோல்வி என்று எழுதுவோம். ஆகவே தொடக்க மாதங்களில் இடத்தைக் குழந்தையிடம் கொண்டுவாருங்கள். குழந்தை பகலில் அதிகம் இருக்கும் வீட்டுப் பகுதியிலேயே, சாமி அறைக்கும் அடுப்படிக்கும் விலகிய ஓர் அறையின் மூலையில், வாளி பொருத்திய நாற்காலியை வைக்கலாம். ஆசாரம் பார்க்கும் வீட்டில் இதற்கு எதிர்ப்பு எழும் என்பது தெரிந்ததே. சில மாதங்களுக்கு மட்டுமே என்றும், வாரம் சில அடிகளாக அதைப் பின்கட்டை நோக்கி நகர்த்திக்கொண்டே போவோம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பெரியவர்கள் பலரும் இணங்கிவிடுகிறார்கள். ஆள்நடமாட்டமுள்ள வளவின் நடுவில் மட்டும் வைக்காதீர்கள். மறைவு என்ற எண்ணமும் இப்போதே பழக வேண்டும்.

இருக்கையில் கவனிக்க வேண்டியது பாதம். பாதங்கள் தரையிலோ பலகையிலோ முழுவதும் பதிந்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து, உடல் சிறிது முன்சாய்ந்திருந்தால்தான் மலம் எளிதாக இறங்கும். கால் தொங்கினால் குழந்தை விழுந்துவிடுவோமோ என்று உடலை இறுக்கிக்கொள்ளும். இறுக்கினால் எதுவும் வராது. வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள வீட்டில் குழந்தைக்கான சிறு இருக்கையை மேலே பொருத்தி, கீழே ஒரு மணையைப் போடுங்கள். இந்தியன் டாய்லெட் மட்டுமே இருந்தால், அதன்மேல் வைக்கும் பிளாஸ்டிக் கமோடு ஸ்டூல் கடைகளில் கிடைக்கிறது. மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு முதுகுத் தாங்கலும், பக்கக் கைப்பிடிகளும், பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு குறுக்குக் கட்டையும் வேண்டும். இயன்முறை மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொண்டு போனால் உள்ளூர்த் தச்சர் ஒருவரே அருமையாகச் செய்துவிடுவார். ஆத்தங்குடிக் கல் தரையில் ஈரம் பட்டால் வழுக்கும் என்பதால், இருக்கையைச் சுற்றி ரப்பர் விரிப்பு அவசியம். பின்கட்டு விளக்கைப் பகலிலும் போட்டு வையுங்கள்.

கைக்குழந்தையை ஆயாவோ அப்பத்தாவோ கால் நீட்டி அமர்ந்து பாதங்களின்மேல் உட்கார வைத்து 'ஸ்ஸ்' என்று ஒலி எழுப்பிப் பழக்குவது நம் வீடுகளில் நெடுநாளைய வழக்கம். நேரம் பார்த்து அழைத்தல், உடலுக்குத் தாங்கல், மாறாத ஓர் அடையாள ஒலி ஆகிய மூன்றும் அதில் ஏற்கெனவே இருக்கின்றன. வளர்ந்த குழந்தையைக் காலில் தாங்க முடியாது என்றாலும் அந்த ஒலியை நாற்காலிக்குக் கொண்டுவரலாம். பழகியபின் அதை மெல்லக் குறைத்துவிடுங்கள். இல்லையெனில் ஒலி எழுப்ப ஆளில்லாத பள்ளியில் குழந்தை போகாது.

உட்கார வைத்தல்

குறிப்புத் தாள் காட்டும் நேரத்துக்குச் சற்று முன்பாக அழைத்துச் செல்லுங்கள். 'போகிறாயா?' என்று கேட்காதீர்கள். கேள்வி கேட்டால் 'வேண்டாம்' என்பதும் ஒரு பதிலாகிவிடும். 'ஒன்றுக்குப் போகலாம்' என்று அமைதியாகச் சொல்லி, கழிப்பறையின் படத்தைக் காட்டிக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். படம் என்பது உங்கள் வீட்டு இருக்கையையே செல்பேசியில் எடுத்து அச்சிட்டதாக இருக்கட்டும். கடையில் விற்கும் அட்டையிலுள்ள வேறொரு கழிப்பறையைத் தன் வீட்டுக் கழிப்பறையோடு இணைத்துப் பார்ப்பது பல குழந்தைகளுக்குக் கடினம். 'மூச்சா', 'ஒன்றுக்கு', 'உச்சா' என்று ஆளுக்கொன்றாகச் சொல்லாமல், வீடு முழுவதும் ஒரே சொல்லையும் ஒரே சாடையையும் பயன்படுத்துங்கள்.

சிறுநீருக்கு மூன்று முதல் ஐந்து நிமிடமும், உணவுக்குப் பின் மலத்துக்கு ஐந்து முதல் பத்து நிமிடமும் போதும். வரும்வரை எழக்கூடாது என்று அரை மணி நேரம் அமர்த்தினால் அந்த இடம் தண்டனைக்குரிய இடமாகிவிடும். பையன்களும் முதலில் உட்கார்ந்தே பழகட்டும். நின்று கழிப்பதைப் பிறகு சொல்லிக்கொடுக்கலாம். மலத்துக்கு முக்கத் தெரியாத குழந்தையைச் சோப்புக் குமிழ் ஊதவோ ஊதல் ஊதவோ விட்டால் வயிற்றுத் தசை தானாக இயங்கும்.

வந்துவிட்டால் அடுத்த நொடியே பரிசு. அந்தப் பரிசு வேறெப்போதும் கிடைக்காத ஒன்றாக இருக்க வேண்டும். தின்பண்டம் என்றால் ஒரு கிள்ளல் அளவு போதும். விழுங்கச் சிரமப்படும் குழந்தைக்குத் தேன்குழல் போன்ற கடினமானவை வேண்டாம். ஊஞ்சலில் பத்து ஆட்டம், பிடித்த பாட்டு, ஐயா (தாத்தா) தரும் ஒரு முத்தம் ஆகியவையும் பரிசே. மாலையில் தருகிறேன் என்ற வாக்குறுதிக்கு இவர்களிடம் மதிப்பில்லை. வராவிட்டால், எதுவும் சொல்லாமல் எழுப்பி அழைத்து வந்துவிடுங்கள்.

நனைத்துவிட்டால் அதட்டல், அடி, நீண்ட அறிவுரை எதுவும் கூடாது. 'ஈரம். ஒன்றுக்கு இங்கே' என்று சொல்லி இருக்கையருகே அழைத்துப்போய், அங்கேயே உடை மாற்றுங்கள். 1971இல் அஸ்ரின், ஃபாக்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் கடும் அறிவுத்திறன் குறைபாடுள்ளவர்களுக்கு ஒரு விரைவு முறையை வகுத்து வெளியிட்டார்கள். நிறைய நீர் அருந்தச் செய்தல், அடிக்கடி உட்கார வைத்தல், ஈரமானால் ஒலிக்கும் கருவி, உடனடிப் பரிசு ஆகியவற்றோடு, நனைத்தவரையே மீண்டும் மீண்டும் சுத்தம் செய்ய வைக்கும் தண்டனையும் அதில் இருந்தது. முதல் நான்கும் இன்றுவரை பயன்படுகின்றன. அந்தத் தண்டனையைப் பின்வந்த பயிற்சியாளர்கள் பலர் கைவிட்டார்கள். கைவிட்டதே சரி என்பது என் கருத்து. அவமானத்துக்கு அஞ்சும் குழந்தை அடக்கத்தான் கற்றுக்கொள்கிறது, மீண்டும் மலச்சிக்கலில் போய் நிற்கிறோம்.

கூட்டுக் குடும்பத்தில் இதைக் காப்பதுதான் கடினம். விருந்துக்கு வந்த ஆச்சி ஒருவர் 'இவ்வளவு பெரிய பிள்ளை இன்னுமா?' என்று குழந்தையின் முன்பே கேட்டுவிடுவார். தாய் ஒருவர் மட்டும் முறையைப் பின்பற்றி, மற்றவர்கள் வசதிப்படி டயப்பர் மாட்டினால் குழந்தைக்கு எது விதி என்று விளங்காது. ஆத்தா, அப்பச்சி, அப்பத்தா, வீட்டு வேலைக்கு வருபவர் என எல்லாரையும் ஒருநாள் உட்கார வைத்து, நேரம், சொல், பரிசு, நனைத்தால் செய்வது ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, இருக்கைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். முன்னோர் வழிபாடான படைப்போ திருமணமோ வரும் மாதத்தில் தொடங்காதீர்கள்.

உடை களைதல், கால் கழுவுதல் (கழித்தபின் சுத்தம் செய்துகொள்ளுதல்), தண்ணீர் ஊற்றுதல், கை கழுவுதல் ஆகியவற்றை ஒரே நேரத்தில் கற்பிக்க முயல வேண்டாம். கடைசிச் செயலிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வருவது எளிது. ஜட்டியை நீங்கள் இடுப்புக்கு அருகில்வரை ஏற்றிவிட்டு, கடைசி இழுப்பை மட்டும் குழந்தையிடம் விடுங்கள். அது பழகியதும் தொடையிலிருந்து, பிறகு முழங்காலிலிருந்து. முடித்த நிறைவு ஒவ்வொரு முறையும் குழந்தைக்கே கிடைக்கும். பொத்தானும் ஜிப்பும் இல்லாத எலாஸ்டிக் உடைகளே இக்காலத்தில் பொருத்தம். பெண்குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவக் கற்பியுங்கள். மாறிச் செய்தால் சிறுநீர்த் தொற்று வரக்கூடும்.

ஆட்டிசமுள்ள குழந்தைக்கு

இங்கே தடை உடலில் இருப்பதைவிட அந்த அறையில் இருப்பது அதிகம். பிளஷின் இரைச்சல், வாளியில் குழாய்நீர் விழும் எதிரொலி, பினாயில் நெடி, வெறுங்காலில் படும் குளிர்ந்த ஈரம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தாங்க முடியாததாக இருக்கலாம். எது என்று கண்டுபிடித்து முதலில் அதை நீக்குங்கள்: குழந்தை வெளியே வந்தபின் பிளஷ் செய்யுங்கள், நெடியில்லாத திரவத்தால் கழுவுங்கள், செருப்புப் போட்டு அழைத்துச் செல்லுங்கள். அறைக்குள்ளேயே வராத குழந்தை முதலில் வாசலில் நிற்கட்டும், பிறகு உள்ளே நிற்கட்டும், பிறகு உடையோடு உட்காரட்டும். ஒவ்வொரு படியும் இயல்பாகும்வரை அடுத்ததற்குப் போகாதீர்கள்.

சிறுநீருக்கு ஒழுங்காகப் போய்விட்டு, மலத்துக்கு மட்டும் டயப்பரைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளும் குழந்தைகள் பலர். டயப்பரைப் பறித்தால் நாட்கணக்கில் அடக்குவார்கள். கொடுங்கள், ஆனால் அதை மாட்டிக்கொண்டு போகும் இடத்தை மாற்றுங்கள். முதலில் கழிப்பறைக்கு அருகில், பிறகு கழிப்பறைக்குள் நின்று, பிறகு டயப்பரோடு இருக்கையில் அமர்ந்து. அங்கே பழகியதும் டயப்பரின் அடியில் சிறு ஓட்டை வெட்டுங்கள். சில நாட்களுக்கொரு முறை ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், இறுதியில் இடுப்பில் ஒரு பட்டை மட்டும் மிஞ்சும். பார்ப்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும் இந்த வழி, பிடிவாதமான பல குழந்தைகளிடம் பலித்திருக்கிறது.

வீட்டில் கற்றது வேறிடத்தில் தானாக வராது என்பதையும் எதிர்பாருங்கள். அங்கன்வாடி, பள்ளி, அம்மான் வீடு, கோயில் என்று ஒவ்வோர் இடத்திலும் அதே படம், அதே சொல்லோடு மீண்டும் பழக்க வேண்டும். பிள்ளையார்பட்டிக்கோ ஓர் இசைகுடிமானத்துக்கோ (திருமணத்துக்கோ) போகும்போது, போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக அங்குள்ள கழிப்பறையைக் குழந்தைக்குக் காட்டிவிடுங்கள். பள்ளியில், வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வழியாக உங்கள் குறிப்புத் தாளை வகுப்பாசிரியருக்குக் கொடுங்கள். கூடவே, யார் யார் கால் கழுவிவிடலாம் என்பதைக் குழந்தைக்கும் பள்ளிக்கும் பெயர் சொல்லி வரையறுத்துவிடுங்கள். உதவிக்குப் பிறர் கையை நம்பியிருக்கும் குழந்தை தவறான தொடுதலுக்கு எளிதில் ஆளாகக்கூடும் என்பதால், கதவைச் சாத்துவதும், 'வேண்டாம்' என்ற சாடையும் இப்பயிற்சியின் பகுதிகளே.

கேட்கத் தொடங்குதல், இரவு, இடைநிறுத்தம்

அழைத்துச் செல்லும்போது பெரும்பாலான முறைகள் வெற்றி கிடைக்கத் தொடங்கியபின், இடைவெளியைக் கால் மணி, கால் மணியாகக் கூட்டுங்கள். படத்தைக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் மாட்டி, அழைக்கும் ஒவ்வொரு முறையும் அதைத் தொட வைத்துப் பிறகு கூட்டிச் செல்லுங்கள். ஒருநாள் நீங்கள் அழைக்காமலே குழந்தை அதைத் தொட்டால், அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு உடனே அழைத்துச் செல்லுங்கள். வெறும் விளையாட்டுக்குத் தொட்டிருந்தாலும் போங்கள்.

இரவுக் கட்டுப்பாடு பயிற்சியால் வருவதன்று. உடல் முதிர்ச்சியால் வருவது. பகல் சீராகிப் பல மாதங்கள் கழித்தே அது வரும், ஆகவே இரவில் டயப்பரோ ரப்பர் ஷீட்டோ தொடரட்டும். ஏழு வயதுக்குப் பின்னும், பகல் நன்கு சீரான பின்னும் இரவில் நனைத்தால் மருத்துவரைக் கேளுங்கள்.

நான்கு முதல் ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் ஒரு முன்னேற்றமும் இல்லையென்றால், நிறுத்திவிட்டு இரண்டு, மூன்று மாதம் கழித்துப் புதிய குறிப்போடு தொடங்குங்கள். காய்ச்சலுக்கோ வலிப்புக்கோ பிறகு பின்னடைவு நேர்ந்தால் பழைய இடைவெளிக்குத் திரும்பினால் போதும். உதவி வேண்டுமானால், 2013 முதல் நடைமுறையில் உள்ள தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லி, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரை கேளுங்கள். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இருக்கிறது. எங்கே சென்றாலும் குறிப்புத் தாளைக் கையோடு கொண்டுபோங்கள். அங்கே முதலில் கேட்கப்படுவது, எத்தனை நாளுக்கொரு முறை மலம் போகிறது, எவ்வளவு நேரம் உலர்வாக இருக்கிறது என்ற கேள்விகளாகத்தான் இருக்கும்.